எத்தனை பீஸ்?

சென்னைத் துணிவழி – 23

கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர் போகிற வழியிலும் மேற்கே சண்முகம் சாலையை ஒட்டிய சந்துகளிலும் டீ-ஷர்ட்டில் படம் அடித்துத் தரும் கடைகள் இருக்கின்றன. குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் இருக்கின்றன. மாடிப்படி ஏறினால் ஓர் அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஹீட் பிரஸ், சுவரோரம் திருப்பூரிலிருந்து வந்து இறங்கிய பிளெயின் டீ-ஷர்ட் கட்டுகள். உள்ளே நுழைந்ததும் வரும் முதல் கேள்வி: "எத்தனை பீஸ்?" "ஒண்ணுதான்" என்று தயக்கத்தோடு சொன்னாலும் இப்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் இதே பதிலைச் சொன்னவரைப் பெரும்பாலும் வாசலோடு அனுப்பியிருப்பார்கள்.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த நானூறு ஆண்டுக் கதை முழுவதையும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்ப ஒருமுறை படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. துணியில் என்ன படம் விழும் என்பதைத் தீர்மானித்தவர்கள் யார்? வரைகிறவர்கள், வாங்குகிறவர்கள், நடுவில் நின்ற வணிகர்கள். ஆனால் அவர்கள் எல்லோருடைய கையையும் பிடித்து நிறுத்தியது ஒரு கணக்கு: எத்தனை பீஸ் போட்டால் கட்டுப்படியாகும் என்ற கணக்கு. தென்சென்னைப் புறநகரில் அந்தக் கணக்கு எப்படி ஒன்று வரைக்கும் இறங்கி வந்தது என்பதே இந்த வாரக் கதை.

முதலில் தூரிகைக்குத் திரும்புவோம். 1639இல் பிரான்சிஸ் டே சென்னைக் கடற்கரையில் நிலம் கேட்டு நின்றதற்குத் துணிதான் காரணம் என்பதை முதல் வாரங்களிலேயே பார்த்தோம். மற்ற இடங்களைவிட நூற்றுக்கு இருபது மலிவாக இங்கே துணி கிடைக்கிறது என்பது அவர் தம் மேலதிகாரிகளுக்குச் சொன்ன வாதம். அந்தத் துணிகளில் ஒரு பகுதி வண்ணம் தீட்டியவை. அவற்றின் அழகில் ஐரோப்பா மயங்கியது உண்மை. ஆனால் மயங்கியவர்கள் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. 1643இல் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் சூரத்திலிருந்த தங்கள் ஆட்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். வருகிற துணிகளின் தளம் பெரும்பாலும் இருண்ட சிவப்பாக இருக்கிறது. இனி வெள்ளைத் தளம் அதிகமாகவும் பூவும் கொடியும் நடுவில் வண்ணத்திலும் வரட்டும் என்பது அதன் சாரம். 1660களில் வாய்மொழி விவரணை போதாமல், வரைந்த மாதிரிகளே லண்டனிலிருந்து கப்பலேறின. வாடிக்கையாளர் தன் டிசைனைத் தானே அனுப்பி, அதன்படி துணி கேட்பது இன்றைய வாட்ஸ்அப் காலத்துப் பழக்கம் என்று நினைக்கிறோம். அது முந்நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம்.

அந்த மாதிரியை இங்கே துணிக்குக் கொண்டுவந்த விதம் கவனிக்கத் தக்கது. படத்தைத் தாளில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தி ஓட்டை போடுவார்கள். தாளைத் துணிமேல் விரித்து, கரித்தூள் கட்டிய சிறு பொட்டணத்தால் தட்டுவார்கள். ஓட்டைகள் வழியாகக் கரி இறங்கி, துணியில் புள்ளிப்புள்ளியாகப் படம் நிற்கும். அதன்மேல் கலம்காரர் தன் மூங்கில் பேனாவை ஓட்டுவார். குத்திய தாள் கிழியும் வரைக்கும் அதே படத்தை வேறொரு துணியில் மறுபடி இறக்கலாம். வேண்டாமென்றால் ஒரே துணியோடு நிறுத்தியும் விடலாம். ஒன்றுக்கும் நூறுக்கும் துணி ஒன்றின் உழைப்பு ஏறக்குறைய ஒன்றேதான்.

உழைப்பு என்றால் சாதாரண உழைப்பு இல்லை. வெளுத்த துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். பாலின் கொழுப்பு இல்லாவிட்டால் கோடு இழையோடு கசிந்து பரவிவிடும். கடுக்காயின் துவர்ப்பு இல்லாவிட்டால் வண்ணம் பிடிக்காது. துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் புளிக்கவைத்த கரைசலால் கறுப்புக் கோடு. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம். அப்புறம் கடலோர மணலில் தோண்டியெடுத்த சாயவேரோடு கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலத்துக்கு, வேண்டாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே சாணநீரில் அலசல், வெயிலில் வெளுப்பு, மறுபடி ஓடும் தண்ணீர். 1742இல் கூர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்த முறை முழுவதையும் இங்கிருந்து கடிதமாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நம் கைவினைஞர்களின் பல தலைமுறை அறிவு அந்தக் கடிதத்தில் கடல் தாண்டியது. அதைச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் பெயரையும் நாம் இன்று சொல்ல முடியவில்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னதாக, 1734இல், கூவம் வளைந்து ஓடும் இடத்தில் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் சின்னத்தறிப்பேட்டை உருவானதைச் சென்ற வாரம் பார்த்தோம். நெய்கிறவர், நூற்கிறவர், துணிக்கு வண்ணம் தீட்டுகிறவர், வெளுக்கிறவர் என்று நால்வரையும் ஒரே ஊரில் குடியமர்த்தக் காரணம் தண்ணீர். படம் போட்ட துணி எங்கே உண்டானாலும் அங்கே ஓர் ஆறு இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்து மாடியறைக்கு இது பிறகு தேவைப்படும்.

நடுவில் நடந்ததை வேகமாகக் கடந்துவிடலாம், ஏற்கெனவே விரிவாகப் பேசிவிட்டோம். இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டு நம் வண்ணத்துணியைத் தடுத்தது. 1783இல் தாமஸ் பெல் செப்பு உருளையில் படம் செதுக்கித் துணி அச்சிடும் இயந்திரத்துக்கு உரிமை வாங்கினார். செதுக்கிய உருளையின் செலவு பல்லாயிரம் கஜத்தில் கரைந்தால்தான் கட்டுப்படியாகும். பிறகு அந்தத் துணி இதே சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. "எத்தனை பீஸ்?" என்ற கேள்விக்கு "ஆயிரக்கணக்கில்" என்பதே ஒரே விடையாகிப்போன காலம் அது. கலம்காரர்கள் வேலையிழந்தார்கள்.

ஆனால் நம் புறநகரில் ஒரு விதிவிலக்கு இருந்தது. பல்லாவரத்துக்கு மேற்கே, அடையாற்றின் கரையில் உள்ள அனகாபுத்தூர். இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிய இந்த ஊரில் தறிச்சத்தம் தெருவெல்லாம் கேட்ட காலத்தில், இங்கே நெய்த கட்டம் போட்ட துணிகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயின. 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்பது அதன் வணிகப் பெயர். கைக்குட்டை என்று பெயரில் இருந்தாலும் 36 அங்குலச் சதுரங்கள் தொடர்ந்து வரும் எட்டு கஜத் துணி அது. நைஜீரியாவில், நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் களபாரி மக்களிடம் இந்தத் துணிக்குத் தனி மரியாதை. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றிலும் அதற்கு இடம் உண்டு.

களபாரிப் பெண்கள் இந்தத் துணியை வாங்கி அப்படியே உடுத்துவதோடு நிற்கவில்லை. ஊசியால் சில இழைகளைத் தூக்கி, பிளேடால் அறுத்து, உருவி எடுத்துவிடுவார்கள். வெள்ளை இழைகள் போன இடத்தில் கட்டம் கலைந்து வேறொரு கோலம் எழும். 'பெலெட்டே பிட்டே' என்று அதற்குப் பெயர். அறுத்த துணி என்பது பொருள். அனகாபுத்தூரில் நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி நெய்த கட்டத்தை அந்தப் பெண்கள் ஒவ்வொன்றும் தனித்தனியான துணியாக மாற்றினார்கள். தனக்கென்று ஒரு டிசைன் வேண்டும் என்ற ஆசை எவ்வளவு ஆழமானது, அதற்காக எத்தனை இரவுகள் கண் வலிக்க உட்காரவும் மனிதர் தயார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1970களில் நைஜீரிய அரசு துணி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது அனகாபுத்தூர் தறிகள் தடுமாறின. இன்று மீதமிருக்கும் சில தறிகளில் வாழைநார், கற்றாழை நார் கலந்து சேலை நெய்கிறார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

இன்னொரு விதிவிலக்கு கடற்கரையில். ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாத காலம். அவர்கள் துணியை எடுத்தார்கள். மெழுகு தடவிச் சாயத்தில் முக்கும் பாட்டிக் வேலை செய்து விற்றார்கள். அந்த வருமானம் அவர்கள் நிலம் வாங்கவும் வீடு கட்டவும் உதவியது. ஒவ்வொரு பாட்டிக் துணியும் ஒற்றைத் துணி. இரண்டாவது பிரதி கிடையாது. கலம்காரர் மெழுகால் செய்ததையே ஓவியக்கல்லூரியில் படித்தவர்கள் வேறு தேவைக்காக மீண்டும் செய்தார்கள். ஆனால் அதை வாங்க வசதியுள்ளவர்கள்தான் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனார்கள். தாம்பரத்துப் பள்ளி ஆசிரியர் போகவில்லை.

அவருக்குக் கிடைத்தது ஸ்கிரீன் பிரிண்டிங். 1907இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் பட்டுத்துணிச் சல்லடை வழியாக மையை இறக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அந்த முறை நம் ஊர்த் தெருவுக்கு வந்தபோது அதன் முதல் பெரிய வாடிக்கை டீ-ஷர்ட் அல்ல, தாம்பூலப்பை. மஞ்சள் பையில் மணமக்கள் பெயர், தேதி, மண்டபத்தின் பெயர், மேலே ஒரு பிள்ளையார். தமிழ்நாட்டில் சாதாரணக் குடும்பம் தன் பெயரைத் துணியில் அச்சடித்துப் பார்த்த முதல் சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும். வந்தவர்களுக்குத் தேங்காய், வெற்றிலை, பாக்கோடு கையில் போன அந்தப் பை அப்புறம் ஆண்டுக்கணக்கில் காய்கறி வாங்கப் போகும். பெயர் மங்கும் வரைக்கும் கல்யாணம் தெருவில் நடந்துகொண்டே இருக்கும். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது அந்தப் பெயர் எல்லோருக்கும் உடனே புரிந்ததற்கு இந்த நினைவே காரணம்.

ஸ்கிரீன் வேலையின் கணக்கு இது. படத்தைப் பட்டர் பேப்பரில் கறுப்பாக அடித்து எடுக்க வேண்டும். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ்ஷில் ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசி, இருட்டில் உலர்த்தி, பட்டர் பேப்பரை வைத்து வெளிச்சம் காட்டி, தண்ணீரில் கழுவினால் படம் இருந்த இடம் மட்டும் திறந்துகொள்ளும். அதன் வழியாக ரப்பர் பட்டையால் மையை இழுக்க வேண்டும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். மூன்று நிறம் என்றால் மூன்று. மூன்றும் ஒரு நூல் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். இத்தனை ஏற்பாடும் ஒரு பைக்கும் வேண்டும், ஐந்நூறு பைக்கும் வேண்டும். ஆகவேதான் பொதுவாக ஐம்பது பீஸுக்குக் கீழே யாரும் கை வைக்க மாட்டார்கள். நிறமும் ஒன்றிரண்டோடு நிற்கும்.

இந்த ஐம்பது என்ற எண் புறநகர் வாழ்க்கையில் வேலை செய்த விதம் சுவையானது. ஐம்பது பேர் சேர்ந்தால்தான் டீ-ஷர்ட் என்பதால், ஐம்பது பேர் சேரக்கூடிய கூட்டங்களே துணியில் பெயர் எழுதின. 1937இல் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிவந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் விடுதிகளை ஹால் என்பார்கள். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால். ஹால் டீ-ஷர்ட்டுக்கு ஆள் சேர்ப்பது சுலபம். டென்னிஸ் பால் கிரிக்கெட் டீம்கள், மேல்மருவத்தூருக்கும் சபரிமலைக்கும் போகும் குழுக்கள், கட்சிக் கிளைகள், ரசிகர் மன்றங்கள் எல்லாம் அப்படித்தான். தனி ஆள் எவருக்கும் அந்த ஸ்கிரீன் திறக்கவில்லை. ஒரு குழந்தையின் பிறந்தநாள் அதற்குள் நுழைய முடியவில்லை.

அதே காலத்தில், அதே தாம்பரத்தில், மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு உலகம் ஓடியது. 1984இல் சானடோரியம் ஸ்டேஷனுக்கு அருகே ஜி.எஸ்.டி. சாலையோரம் 262 ஏக்கரில் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம், நம் வாயில் மெப்ஸ். 2003இல் அது சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாறியது. உள்ளே இருந்த தையல் ஆலைகளுக்கும் டிசைன் கடல் கடந்துதான் வந்தது, அதே 1660களைப் போல. அங்கே "எத்தனை பீஸ்?" என்பதற்கு விடை ஆயிரங்களில் இருந்தது. பம்மலிலிருந்தும் முடிச்சூரிலிருந்தும் ஷிஃப்டுக்குப் போன பெண்கள் உலகம் முழுவதும் போன சட்டைகளைத் தைத்தார்கள். அதில் ஒன்றிலாவது தாங்கள் விரும்பிய படம் போட்டுக்கொள்ள அவர்களுக்கு வழி இல்லை.

இனி பிரிண்டர். 1977இல் ஜப்பானில் கேனன் ஆய்வகத்தில் இச்சிரோ எண்டோ என்ற பொறியாளரின் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் பட்டது. ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. சூட்டில் குமிழி எழுப்பி மையைத் துப்பவைக்கும் இன்க்ஜெட் அந்த நிகழ்ச்சியிலிருந்து வளர்ந்தது. இன்னொரு வகையில் மின்சாரம் பட்டால் வளையும் படிகம் மையைப் பிதுக்கித் தள்ளுகிறது. சூடு தேவையில்லாததால் துணிக்கு வேண்டிய கனமான மைக்கு இந்த இரண்டாவது வகையே தோதாக அமைந்தது. அமெரிக்காவில் மேத்யூ ரோம் என்பவர் நேரடியாக டீ-ஷர்ட்டின் மேலேயே அச்சிடும் இயந்திரத்துக்கு 1996இல் விண்ணப்பித்து 2000இல் உரிமை பெற்றார். 2005இல் பிரதர் நிறுவனம் அந்த வகையில் தன் முதல் இயந்திரத்தை வெளியிட்டது. டிடிஜி என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

டிடிஜியில் கறுப்புப் பருத்தியில் படம் விழ வேண்டுமென்றால் முதலில் வெள்ளை மை, அதன்மேல் வண்ணம். வெள்ளை மை துணிக்குள் இறங்கி மறைந்துவிடாமல் மேலேயே உறைந்து நிற்க, அச்சுக்கு முன் உப்புக் கலந்த ஒரு திரவத்தைத் தெளித்து ஹீட் பிரஸ்ஸில் உலர்த்த வேண்டும். 'ப்ரீ-ட்ரீட்மென்ட்' என்பார்கள். இதைப் படித்தபோது கடுக்காயும் எருமைப்பாலும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தன. வண்ணம் எங்கே நிற்க வேண்டும், எங்கே பரவக் கூடாது என்று துணிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் அதே வேலைதான். வேதியியல் வேறு, சிக்கல் ஒன்று. சின்னத்தறிப்பேட்டை கலம்காரரை இன்று இந்த அறைக்கு அழைத்து வந்தால், இந்த ஒரு கட்டத்தை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிராது.

ஆனால் டிடிஜி இயந்திரத்தின் விலை லட்சங்களில். சின்னக் கடைக்கு எட்டவில்லை. எட்டியது சப்ளிமேஷன்: தாளில் அச்சிட்டு, ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் அழுத்தினால் சாயம் ஆவியாகி இழைக்குள் புகும். 1957இல் பிரான்சில் நோயல் தெ பிளாஸ் கண்டது. கல் போல நிற்கும், கையால் தடவினால் தெரியாது. ஆனால் பாலியெஸ்டரில் மட்டுமே பிடிக்கும், அதுவும் வெளிர் நிறத்தில் மட்டும். சித்திரை வெயிலில் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்குப் பாலியெஸ்டர் சட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிரிக்கெட் ஜெர்சிக்கும் புகைப்படம் போட்ட கப்புக்கும் அது சரி. வீட்டுச் சட்டைக்கு ஆகவில்லை.

கதவைத் திறந்தது 2020ஐ ஒட்டி இங்கே பரவிய டிடிஎஃப். துணியில் அடிக்காமல் பிளாஸ்டிக் ஃபிலிமில் அடிப்பது. கண்ணாடியில் தெரிவது போலப் படத்தைத் திருப்பி, முதலில் வண்ணம், அதன்மேல் வெள்ளை. மை ஈரமாக இருக்கும்போதே பசைத்தூளைத் தூவி, மிஞ்சியதை உதறிவிட்டு, சூட்டில் உருக்க வேண்டும். பிறகு ஃபிலிமைச் சட்டையில் கவிழ்த்து 150, 160 டிகிரியில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி, உரித்தால் முடிந்தது. பருத்தி, பாலியெஸ்டர், கறுப்பு, வெள்ளை எதிலும் பிடிக்கும். ப்ரீ-ட்ரீட்மென்ட் வேண்டாம். போட்டோ அடிக்கிற சாதாரணப் பிரிண்டரையே மாற்றியமைத்து இந்த வேலைக்கு வைத்துக்கொண்டவர்கள் உண்டு. பிரிண்டரும் வாங்க முடியாதவர்கள் ஃபிலிமை மட்டும் மீட்டர் கணக்கில் வெளியே அடித்து வாங்கிக்கொள்கிறார்கள். ஒரே ஃபிலிமில் இருபது பேருடைய படங்களை இடம் வீணாகாமல் நெருக்கி அடுக்குவது ஒரு தனிக் கைத்திறன். வீட்டில் ஒரு ஹீட் பிரஸ் இருந்தால் போதும். சமையல் முடித்த பிற்பகலில் தொழில் நடக்கிறது. கணக்கு ஒன்று வரைக்கும் இறங்கியது இப்படித்தான். பேத்தியின் கிறுக்கல் தாத்தாவின் சட்டையில் ஏறியது. இறந்துபோன அம்மாவின் முகத்தைத் திதியன்று அணிந்து நிற்கும் பிள்ளைகளையும் பார்க்கிறோம்.

இந்த இயந்திரத்துக்கும் பத்தியம் உண்டு. வெள்ளை மையிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு கனமானது, சும்மா இருந்தால் அடியில் படியும். பொங்கலுக்குக் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தால் ஹெட் அடைத்திருக்கும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பசைத்தூள் ஈரம் இழுத்து, ஒட்டக் கூடாத இடத்திலும் ஒட்டும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். துணியில் படம் போட நானூறு ஆண்டுகளாக ஆறு வேண்டியிருந்தது. டிடிஎஃப்புக்கு வேண்டாம். அதனால்தான் அது சேலையூரில் ஒரு மாடியறைக்கு வர முடிந்தது. 2011 ஜனவரியில் நொய்யலைக் காக்கத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை அறிந்தவர்களுக்கு, சாயக்கழிவே வெளியேறாத ஓர் அச்சுமுறை பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலை முழுதாக ஏற்க என் மனம் ஒப்பவில்லை. மாடியறையில் அழுத்துவதற்காக வந்து காத்திருக்கும் கறுப்பு டீ-ஷர்ட்டுக்குக் கறுப்பு எங்கே ஏறியது? எங்கோ ஒரு சாயப்பட்டறையில், தண்ணீரில்தான். உரித்தெடுத்த ஃபிலிம் எங்கே போகிறது? குப்பைக்கு. தாம்பரம் மாநகராட்சியின் குப்பையில் அது எந்தத் தொட்டியில் சேர வேண்டும் என்று கடைக்காரர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

ஒன்று என்ற எண்ணுக்கு இறங்கியதால் வந்த பெரிய மாற்றம் தமிழ் எழுத்து. டீ-ஷர்ட் என்றாலே ஆங்கில வாசகம் என்றிருந்த காலம் நீண்டது. அதற்குக் கணினியும் ஒரு காரணம். டிசைன் போடும் பழைய மென்பொருள்களில் யூனிகோட் தமிழ் சிதறும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி விலகி மிதக்கும். கடைக்காரர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் போனில் அனுப்பியதை மறுபடி தட்டச்சு செய்தார்கள். ஒற்றுப்பிழைகள் அதில் தாராளமாக ஏறின. கையால் வரைந்த எழுத்தைப் படமாக எடுத்து அப்படியே அச்சிடலாம் என்றானபோது எழுத்துருவின் தயவே தேவைப்படவில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்களிடையே காளைப் படம் போட்ட டீ-ஷர்ட்டுகளைப் பார்த்தோம். 2020 செப்டம்பரில் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரிஷும் டீ-ஷர்ட் அணிந்து நின்ற ஒரு படம் வெளியானது. சிரிஷின் மார்பில் இருந்தது "ஹிந்தி தெரியாது, போடா" என்ற வாசகம். சில நாட்களில் அதே வாசகம் கேட்டுத் திருப்பூருக்கு ஆர்டர்கள் குவிந்தன. திங்கட்கிழமை மனத்தில் தோன்றிய வாக்கியத்தைப் புதன்கிழமை மார்பில் எழுதிக்கொண்டு தெருவில் இறங்க முடிகிறது என்பது ஒரு சமூகத்தின் பேச்சுரிமையில் சேர்ந்த புதிய பலம் என்றே நான் கருதுகிறேன்.

இதே இன்க்ஜெட் குடும்பத்தின் மூத்த பிள்ளை பிளெக்ஸ் பேனர். அதுவும் பெயரையும் முகத்தையும் பெரிதாக்கிக் காட்டத்தான் வந்தது. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணை ரேடியல் சாலையில் அனுமதியின்றி வைத்த பேனர் விழுந்து, வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த இளம் பெண் உயிரிழந்தார். அதன்பின் நீதிமன்றம் கடுமையாகப் பேசியது. கட்சிகள் தங்கள் தொண்டர்களைப் பேனர் வைக்க வேண்டாம் என்றன. முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற வெறிக்குத் தென்சென்னை கொடுத்த விலை அது. அந்தத் தெருவை எழுதாமல் இந்த அச்சின் வரலாற்றை எழுதக் கூடாது.

இன்னொரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். கலம்காரி என்ற பெயரில் இன்று கடைகளில் தொங்கும் சேலைகளில் பல டிஜிட்டல் அச்சு. ஸ்ரீகாளஹஸ்தியிலும், கும்பகோணத்தை அடுத்த கருப்பூரிலும் கையால் வரைகிறவர்களின் படத்தை ஸ்கேன் செய்து, மணிக்குப் பல மீட்டர் ஓட்டிவிடுகிறார்கள். அச்சை அச்சு என்று சொல்லி விற்றால் அதில் தவறில்லை. கலம்காரி என்று சொல்லி விற்பது, கடுக்காய் நீரில் கை ஊறிப்போனவரின் கூலியைத் திருடுவது. அடையாளம் எளிது: சேலையைத் திருப்பிப் பாருங்கள். கலம் ஓடிய துணியில் வண்ணம் பின்பக்கமும் ஊறியிருக்கும், கோட்டின் கனம் இடத்துக்கு இடம் மாறும். பெரும்பாலான அச்சில் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும், ஒரு பூவும் அடுத்த பூவும் இம்மி பிசகாமல் ஒன்றாயிருக்கும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் இந்தத் தொடரைப் படித்தால், பரணில் கிடக்கும் பழைய மரச்சட்டங்களையும் பட்டர் பேப்பர்களையும் எடைக்குப் போடாதீர்கள். வீட்டில் பழைய தாம்பூலப்பை இருந்தால், அதை அடித்த கடையின் பெயர் நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். 1742இல் கூர்தூவுக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயர்கள் போனது போல இவர்களுடைய பெயர்களும் போக வேண்டாம்.

அடுத்த வாரம், மெப்ஸ் தையல் கூடங்களுக்குள்.